நூறாவது கையெழுத்து

ஹனோவர்
11.11.2007, ஞாயிறு மாலை

அன்பு மகள் றீற்றாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம். ஒவ்வொரு புதன்கிழமையும் அம்மா உன்னோடு தொலைபேசியில் கதைக்கும்போது நான் பக்கத்தில் இருந்து உருளைக்கிழங்கு சீவுகிறேன். கதை நீண்டால் கிழங்கு கூடிவிடுகிறது. போன புதன் இரண்டு பேருக்கு இரண்டு கிலோ கறி. வியாழன், வெள்ளியும் அதையே சாப்பிட்டோம். இப்படிக் கிழங்கு மூலம் உன் சுகம் விசாரித்தே எட்டு மாதம் போய்விட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கே பெரிய புதினம், உன் அப்பா மாநிலச் சட்டசபைத் தேர்தலில் நிற்கிறார். அம்மா சொல்லியிருப்பாள். சிரித்து முடித்திருப்பாய் என்று நினைத்து எழுதுகிறேன். கணக்கில் இரண்டு தரம் கோட்டைவிட்டு ஓ.எல். சோதனை முடிக்காதவன், கிழமை நாட்களில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் தொழிற்சாலையில் போர்வை மடிப்பவன், ஞாயிறு பின்னேரம் வாடகை மண்டபத்தில் முப்பது குடும்பத்துக்குப் போதகர். எங்கள் சின்னக் கிறிஸ்தவக் கட்சிக்கு வேறு ஆள் அகப்படவில்லை என்று நீ நினைப்பாய். அது முக்கால்வாசி உண்மை. மிச்சக் கால்வாசி, என்னால் முடியும் என்று எனக்கே ஒரு நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டியிருக்க வேண்டும், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சூதாட்டக் கடை கூடாது, பிள்ளையை வீட்டில் வைத்து வளர்க்கும் தாய்க்கு அரசாங்கம் உதவ வேண்டும். இருபது வருடமாக நான் பிரசங்கிக்கிறவைதான், இப்போது ஜெர்மன்காரருக்கு டொச்சில் சொல்ல வேண்டியிருக்கிறது. என் டொச்சைக் கேட்டு இன்னும் ஒருவரும் எழுந்து போகவில்லை. தெருவில் நின்றபடி கேட்பவர்கள் எப்படி எழுந்து போவது! சுவரொட்டியில் சுவாமிநாதன் என்ற பெயர் முழுவதும் பிடிக்காததால் என் படத்தைச் சின்னதாக்கிவிட்டார்கள். அதில் எனக்கு நன்மைதான் என்று அம்மா சொல்கிறாள்.

எங்கள் கட்சியின் வட்டாரத் தலைவர் லூடர்ஸ், ஓய்வுபெற்ற ரயில் சாரதி. எனக்கு இருநூறு வாக்கு விழும் என்கிறார். நான் ஐந்நூறு என்கிறேன். ரயில்காரர் எதையும் நேரத்துக்கும் அளவுக்கும் சொல்லிப் பழகியவர். நான் விசுவாசத்தில் நடக்கிறவன்.

இனி, நான் விட்ட பிழையைச் சொல்ல வேண்டும்.

சின்னக் கட்சிக்காரன் நிற்பதென்றால் அந்தத் தொகுதி வாக்காளர் நூறு பேர் ஆளுக்கொரு தாளில் கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும். ஒரே ஞாயிறில் முடிக்கலாம் என்று ஆராதனை முடிந்ததும் தேத்தண்ணியும் ரோல்ஸும் வைத்த மேசையிலேயே தாள்களைப் பரப்பினேன். நூற்றுப்பன்னிரண்டு சேர்ந்தது. மறுநாள் தேர்தல் அலுவலகத்துக்கு ராஜா மாதிரிப் போனேன். அங்கே இருந்த பெண்மணி ஒவ்வொன்றாக ஒதுக்கி ஒதுக்கி வைத்தார். அரைவாசிப் பேருக்கு இந்த நாட்டுப் பிரசாவுரிமை இல்லை. கொஞ்சப் பேர் வேறு தொகுதி. கேள்விப்பட்ட எங்கள் சபைச் சியாமளா அன்ரி, "என்ன அண்ணை, இருவது வருசமா இஞ்ச வரி கட்டுறம். வரிக்கு மட்டும் எங்கட கையெழுத்துச் செல்லுமோ?" என்று என்னைப் பிடித்துக்கொண்டா. நான்தான் சட்டம் போட்ட மாதிரி.

அதுவல்ல பிழை. அந்தப் பெண்மணி கடைசியாக மூன்று தாள்களை ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக வைத்தார். என்னுடையது, அம்மாவுடையது, உன்னுடையது. மூன்றும் ஒரே கையால் எழுதியதா என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தி, ஆம், குடும்பத் தலைவர் நான், எல்லாருக்கும் நானே வைத்தேன் என்றேன். வீட்டு விண்ணப்பமோ டொக்டர் தாளோ, எங்கள் ஆட்கள் அப்படித்தானே செய்கிறோம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். உங்கள் மனைவிக்குக் கை இல்லையா என்று கேட்டார். பிறகு உன் பிறந்த திகதியைப் பார்த்து, இவளுக்கு இருபத்தைந்து வயது, இவளைக் கேட்டீர்களா என்றார். இது தண்டனைக்குரிய குற்றம், நான் பதிவதற்கு முன் வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று இரண்டு தாளையும் என் பக்கம் தள்ளிவிட்டார்.

டிராம் தரிப்பிடத்தில் நின்று உன் தாளைப் பார்த்தேன். உன் பள்ளிக்கூட அறிக்கைகளில் நான் வைத்த அதே சுழி.

மார்ச் மாதம் ஞாபகம் வந்தது. சனிக்கிழமை நீ வந்து, டிரெஸ்டனில் என்னோடு ஆராய்ச்சி செய்யும் தமிழ்நாட்டுப் பிள்ளையைக் கலியாணம் கட்டப்போகிறேன், அவர் சைவ சமயம் என்று சொன்னாய். மறுநாள் நான் பிரசங்க மேடையில் ஏறி, என் மகள் தன் விருப்பத்தை விட்டுத் தகப்பன் சொல்லுக்குக் கீழ்ப்படிந்துவிட்டாள் என்று சாட்சி சொன்னேன். நீ மூன்றாம் வரிசையில் எழும்பி, "அப்பா, என்ர பேரில நீங்கள் ஆமென் சொல்லாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாய். பிள்ளைக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சபைக்குச் சொன்னேன். அதுவும் பொய்தான்.

அம்மாவிடம் இரண்டு தாளையும் காட்டினேன். "மார்ச்சில வாயால செய்தனீங்கள், இப்ப பேனையால செய்திருக்கிறீங்கள்" என்றாள். தன் புதுத் தாளை முன்பக்கமும் பின்பக்கமும் வாசித்து, மூன்று கேள்வி கேட்டு, இரண்டு நாள் காக்கவைத்துத்தான் கையெழுத்து வைத்தாள். அந்த இரண்டு நாளுக்குள் இன்னொன்றும் சொன்னாள். "நான் சைவக்காரப் பாலாம்பிகையாத்தானே உங்கட கிறிஸ்தவ வீட்டுக்கு வந்தனான். உங்கட அப்பா என்னைச் சாப்பாடு போடாமலோ திருப்பி அனுப்பினவர்?" இதற்கு ஒரு வேதவசனம் தேடினேன். தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதன்பின் ஆறு கிழமை, லூடர்ஸும் நானும் சுப்பர் மார்க்கெட் வாசலில் மழையில் நின்றோம். ஒரு மனிதர் என் கொள்கை முழுவதையும் கேட்டு, ஒன்றுகூடச் சரியில்லை என்று சொல்லி, பிறகு பேனையை வாங்கினார். உங்களுக்கு எதிராக வாக்களிப்பதற்காவது நீங்கள் நிற்க வேண்டும் என்றார். இந்த நாட்டில் எனக்குப் பிடித்த ஆட்கள் இவர்கள்தான்.

வெள்ளிக்கிழமையோடு தொண்ணூற்றொன்பது, எல்லாம் அலுவலகம் சரிபார்த்தவை. நான் பேனையை மூடிவிட்டேன். இன்னும் பத்து நிமிடம் நின்றால் முடிந்துவிடும் என்று லூடர்ஸ் கத்தினார். அந்த ஓர் இடம் ஒருவருக்கு வைத்திருக்கிறேன் என்றேன். இருபத்திரண்டாம் திகதி வியாழன் மாலை ஆறு மணியோடு கதவு பூட்டுவார்கள் என்றார். அது எனக்கும் தெரியும்.

உன் நிரந்தர விலாசம் இன்னும் எங்கள் வீடுதான். ஆகவே உனக்கு இங்கே உரிமை உண்டு. வெறும் தாள் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். நான் அதில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. அம்மாவைப்போல இரண்டு பக்கமும் வாசி. என் கொள்கை உனக்குச் சரியில்லை என்றால் கையெழுத்து வைக்காதே. நான் கோபிக்கமாட்டேன். திங்கள் முதல் வியாழன் வரை எனக்கு நாலு நாள் இருக்கிறது, ஒரு மனிதர் அகப்படாமலா போவார். அகப்படாவிட்டால் போர்வை மடிக்கிறேன். அதில் என்னை வெல்ல இந்த மாநிலத்தில் ஆளில்லை.

என் நம்பிக்கை மாறிவிட்டது என்று மட்டும் நினைக்காதே. கேட்டால் பழையபடிதான் சொல்வேன். ஆனால் என் மகள் என்ன சொல்கிறாள் என்பதை இனி என் மகளே சொல்லட்டும்.

ஒன்றே ஒன்று. தாளைத் தபாலில் அனுப்பாதே. நிரப்பியோ நிரப்பாமலோ, வருகிற ஞாயிறு மத்தியானம் கையில் கொண்டு வா. அஷ்வத்தையும் கூட்டிக்கொண்டு வா. பெயரை அம்மாவிடம் கேட்டு எழுதினேன், பிழையென்றால் பொறுக்கச் சொல். அவருக்கு இந்தத் தொகுதியில் கையெழுத்து வைக்க உரிமை இல்லை. சாப்பிடுவதற்கு எங்கள் வீட்டில் தாள் ஒன்றும் நிரப்பத் தேவையில்லை. அவர் மச்சம் மாமிசம் சாப்பிடமாட்டாராம். அதனால் அன்றைக்கு எனக்கும் இறைச்சி இல்லை என்று அம்மா அறிவித்துவிட்டாள். கிழங்கு நான் சீவுவேன்.

உங்கள் இருவருடைய பயணத்தையும் கர்த்தர் காப்பாராக.

அன்புள்ள அப்பா,
சுவாமிநாதன்

அம்மாவுக்காக நான் கையெழுத்து வைக்கவில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன்.

முழுக்க வாசிச்சுப் பாத்துத்தான் வைக்கிறன், பிள்ளை. வாங்கோ.
பாலாம்பிகை