எனக்கு அளிக்கப்பட்ட தொண்ணூற்றாறு மதிப்பெண்ணை ரத்து செய்யக் கோரி

அனுப்புநர்:
புருல்சா கலீக்கோவ்னா மம்பெத்காலியேவா (வயது 54),
இரண்டாம் ஆண்டு, இசை மென்பொருள் பட்டப்படிப்பு,
பிஷ்கெக்.

பெறுநர்:
உயர்திரு டீன் அவர்கள்,
ஒலித் தொழில்நுட்பப் புலம்,
பிஷ்கெக்.

பொருள்: நிகழ்நேர ஒலி நிரலாக்கப் பாடத்தில் எனக்குத் தந்த 96 மதிப்பெண்ணை ரத்து செய்து, தோற்றவர்களுக்கான இரண்டு வார வகுப்பில் என்னையும் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இதே கோரிக்கையோடு கடந்த திங்கட்கிழமை தங்களை நேரில் பார்க்க வந்தேன். என்னைக் கண்டதும், மூத்த அக்காவைக் கண்டதுபோல் எழுந்து நின்றீர்கள். "வாங்க புருல்சா எஜே, என்ன குறைன்னு சொல்லுங்க, இப்பவே முடிச்சுடலாம்" என்றீர்கள். தேநீர் வந்தது. என் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டும் என்றேன். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்து வாய்விட்டுச் சிரித்தீர்கள். அதன் பிறகு தங்கள் திருமணத்தில் நான் வாசித்த பாட்டுகளைப் பற்றிப் பேச்சு திரும்பியது. அரை மணி நேரம் இனிமையாகவே கழிந்தது, வந்த காரியம் மட்டும் நடக்கவில்லை. ஆகவே இந்த முறை எழுத்தில் தருகிறேன்.

2. என்னைப் பற்றி அலுவலகக் கோப்புக்காகச் சுருக்கமாக: இருபத்தேழு ஆண்டுகள் இந்த ஊர் விருந்து மண்டபங்களில் கீபோர்டு வாசித்தேன். கடையில் விற்கும் எந்தக் கீபோர்டிலும் கோமுஸ் என்று எழுதிய பொத்தானை அழுத்தினால் தகர டப்பாவைத் தட்டிய சத்தம்தான் வரும். மூன்று தந்திகள் உள்ள ஒரு வாத்தியத்தை இப்படியா அவமானப்படுத்துவது என்று ஆண்டுக்கணக்கில் புலம்பினேன். "புலம்பினது போதும், நீயே ஒண்ணு செஞ்சுடேன்" என்று என் கணவர் எரிச்சலில் சொன்னதை நான் நிஜமாகவே எடுத்துக்கொண்டு தங்கள் கல்லூரியில் சேர்ந்தேன்.

3. படிப்பைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. நானே எழுதிய ஆறு வரி நிரலிலிருந்து முதன்முதலாக ஒரு சுரம் வந்த அன்று, ஏற்ற இறக்கமில்லாத அந்த ஒற்றைச் சத்தத்தை ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். "பால் பொங்கி வழியுது, நீ இன்னும் ஊ...ன்னு கேட்டுட்டு இருக்கியா?" என்று கணவர் கத்தியது காதில் விழுந்தது. எழுந்திருக்க மனம் வரவில்லை.

4. இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி 10 அன்று செய்முறைத் தேர்வு, அவரவர் நிரலால் உருவாக்கிய தந்தி வாத்தியத்தை வாசித்துக் காட்ட வேண்டும். எங்கள் விரிவுரையாளர் திரு எல்தியார் சாதீவ் இருபத்தெட்டு வயது இளைஞர், கெட்டிக்காரர். எனக்கு முன்னால் உள்ளே போனவள் என் வகுப்புத் தோழி பெகாயிம், வயது பத்தொன்பது. கதவு திறந்திருந்ததால் வெளியே நின்ற எனக்கு எல்லாம் கேட்டது. அவளுடைய வாத்தியத்தை வேகமாக வாசித்தால் நடுநடுவே "டக், டக்" என்று சத்தம் வந்தது. காரணம், தந்தியை மீட்டும் ஒவ்வொரு முறையும் அவளுடைய நிரல் கணினியிடம் புதிதாக நினைவகம் கேட்டு நின்றது. அது கிடைக்கும் வரை ஒலி காத்திருக்காது, அறுந்துவிடும். எல்தியார் அவளை விடவில்லை. "விருந்தாளி வந்து உக்காந்தப்புறம் தட்டு வாங்கக் கடைக்கு ஓடுவியா? முந்தின நாளே அடுக்கி வைக்க வேணாமா?" என்று கேட்டார். நாற்பது நிமிடம் அவளை நிற்க வைத்துத் துருவி எடுத்தார். மதிப்பெண் 48. தோல்வி.

5. அடுத்து நான் போனேன். எல்தியார் எழுந்து தன் நாற்காலியை எனக்குத் தந்தார். இரண்டு கையாலும் தேநீர்க் கிண்ணத்தை நீட்டினார், பெரியவர்களுக்கு ஊற்ற வேண்டிய முறைப்படி பாதிக் கிண்ணம்தான். நான் ஒரு பாட்டை அரை நிமிடம் வாசித்தேன். "போதும் எஜே, எங்க அக்கா கல்யாணத்துல வாசிச்சவங்க நீங்க. உங்களுக்கு நான் கேள்வி கேக்குறதா? வீட்டுல தெரிஞ்சா அம்மா என்னைச் சும்மா விடுவாங்களா?" என்றார். நிரலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தேநீரைப் பாதியோடு நிறுத்தியவர் மதிப்பெண்ணை மட்டும் வழிய வழிய ஊற்றிவிட்டார்.

6. இந்த இடத்தில் என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெகாயிமின் நிரலில் இருந்த அதே பிழை என்னுடையதிலும் இருக்கிறது. அது எனக்கு முன்பே தெரியும். விருந்து மண்டபத்தில் கீபோர்டின் ஒரு கட்டை பழுதானால் அந்தக் கட்டை வராத பாட்டாகப் பார்த்து வாசிப்பது எங்கள் தொழிலில் வழக்கம். தேர்விலும் அதையே செய்தேன், வேண்டுமென்றே மெதுவான பாட்டாகத் தேர்ந்தெடுத்தேன். அவர் 96 போட்டபோது நன்றி சொன்னேன். வெட்கமாக இருக்கிறது ஐயா. வீட்டுக்கு வந்து வேகமான பாட்டை ஐந்து நிமிடம் வாசித்துப் பதிவு செய்து எண்ணினேன். நாற்பத்து மூன்று "டக்".

7. வெளியே பெகாயிம் காத்திருந்தாள். என் மதிப்பெண்ணைக் கேட்டதும், "உங்களுக்கு டீ, எனக்கு விசாரணையா? இருங்க, மறுதேர்வுக்கு நான் நரைமுடி வச்சுக்கிட்டு வரேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவளுக்கு என் மேல் கோபம் இல்லை. சொல்லப்போனால் அவள் இப்போது உற்சாகமாக இருக்கிறாள். தோற்றவர்களுக்கு ஜனவரி 20 முதல் இரண்டு வாரம் தனி வகுப்பு நடக்கும் என்றும், எல்தியார் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து அவரவர் நிரலை வரி வரியாகப் பிரித்துச் சரிசெய்யக் கற்றுத் தருவார் என்றும் அறிவிப்பு வந்திருக்கிறது. தேர்ச்சி பெற்றவர்களுக்கு அதில் அனுமதி இல்லை. அலுவலகத்தில் கேட்டேன். "தொண்ணூத்தாறு வாங்கினவங்களுக்கு அங்க என்ன வேலை? வீட்டுல போய் நிம்மதியா இருங்க எஜே" என்று அனுப்பிவிட்டார்கள்.

8. என் மனவருத்தம் இதுதான். வயதில் மூத்தவளை எஜே என்று அழைத்து முதலிடத்தில் உட்கார வைப்பது நம் பழக்கம். அதைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஆனால் இருபத்தேழு ஆண்டுகளில் நான் எத்தனையோ தப்பான சுரம் வாசித்திருக்கிறேன். ஒருவர்கூட ஒரு முறைகூட என்னிடம் வந்து சொன்னதில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். யாராவது திருத்துவார்கள் என்று நம்பித்தான் இந்த வயதில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்லூரிக்கு வந்தேன். இங்கேயும் கை தட்டினால் நான் எங்கே போவேன்?

9. மதிப்பெண் பதிவேடு ஜனவரி 17, வெள்ளிக்கிழமை மூடப்படுகிறது. அதற்குப் பிறகு 96 என்பது 96தான், அதை யாராலும் தொட முடியாது. அதற்கு முன் திருத்தும் அதிகாரம் தங்களுக்கு மட்டுமே உண்டு என்று விதிப்புத்தகத்தின் 31ஆம் பிரிவில் படித்தேன்.

10. திரு எல்தியார் மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். முதுகுக்குப் பின்னால் புகார் செய்வது என் குணம் இல்லை என்பதால், மேற்கண்ட ஒன்பது பத்திகளையும் நேற்று மாலை அவரிடமே காட்டினேன். படித்தார். முகம் காது வரை சிவந்துவிட்டது. பிறகு என் கணினியை வாங்கி நிரலைத் திறந்தார். திரையில் ஒரு வரியின் மேல் விரலை வைத்து, "இந்த எண்ணை ஏன் 0.996ன்னு வச்சீங்க?" என்று கேட்டார். தந்தியின் ஒலி எவ்வளவு நேரத்தில் அடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் எண் அது. "எல்லாரும் அப்படித்தான் வைக்கிறாங்க தம்பி" என்றேன். "எல்லாரும் வைக்கிறாங்கங்கிறது பதில் இல்ல. உங்க கோமுஸுக்கு ஏன் அது?" என்றார்.

11. நான் யோசித்தேன். அவர் காத்திருந்தார், உதவிக்கு வரவில்லை. கடைசியில் "தெரியாது" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து இந்தச் சொல்லை நான் யார் முன்னாலும் சொன்னதில்லை, சொல்ல யாரும் விட்டதும் இல்லை. பேருந்தில் வீடு திரும்பும்போது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, பக்கத்து இருக்கைக்காரர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

ஆகவே ஐயா, 96ஐ அடித்துவிட்டு, நான் உண்மையில் பெற வேண்டிய மதிப்பெண்ணை, பெகாயிமுக்குப் போட்ட அதே 48ஐ, என் பெயருக்கு நேரே எழுதி, எனக்குத் தெரியாது என்பதை வெள்ளிக்கிழமைக்குள் பதிவேட்டில் ஏற்றித் தரும்படி மிகுந்த பணிவோடும் மகிழ்ச்சியோடும் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பிஷ்கெக்
நாள்: 15.01.2025

தங்கள் கல்லூரி மாணவி,
(ஒப்பம்)
பு. க. மம்பெத்காலியேவா

இணைப்பு: ஐந்து நிமிட ஒலிப்பதிவு – 1. நிரலின் அச்சுப்படி – 14 பக்கம்.