ரேடியேட்டரில் சாமந்தி

பிப்ரவரி 11, புதன்

காலையில் சிங்கப்பெருமாள் கோயில் நெரிசலில் கார் மறுபடியும் சூடாகி நின்றுவிட்டது. இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. நெம்மேலி பக்கம் வேகமாகப் போனால் ஒரு தொல்லையும் இல்லை. ஊர்ந்து போனால்தான் சிவப்பு விளக்கு எரிகிறது. "இந்த வயசுல மின்சாரக் கார் எதுக்கும்மா? வித்துடலாம்" என்று ரவி போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான். மகன் என்றால் தீர்ப்புச் சொல்லலாமா?

அங்கேயே கொட்டகை போட்டிருந்த மெக்கானிக் முன்பக்கத்தைக் கழற்றியதும் சிரித்தார்.

"இன்னாம்மா, பேட்டரிய குளுர வெக்கிற ரேடியேட்டர் மேல பூக்கடையே கீது! வேகமா போனா காத்து எப்டியோ பூந்துக்கும். நின்னுகினு இருந்தா எங்கேர்ந்து வரும்? மாலையைக் கழட்டவே மாட்டீங்களா?"

கழற்றவில்லைதான். ஆயுத பூஜையன்று ரவி அப்பா காரின் முன்பக்கத்தில் கட்டிய மாலை. அடுத்த மாதமே அவர் போய்விட்டார். கான்வென்ட்டில் படித்த நாளிலிருந்து தூசி பொறுக்காதவள் நான். தினமும் காரைத் துடைக்கிறேன். அதை மட்டும் தொடவில்லை. அது உதிர்ந்து உள்ளே போனதையும் கவனிக்கவில்லை.

மெக்கானிக் காற்றுக் குழாயைப் பிடித்தார். காய்ந்த இதழ்கள் கொட்டகை முழுவதும் எழும்பி, வெயிலில் மெதுவாகச் சுழன்று என்மேல் இறங்கின. நகரத் தோன்றவில்லை.

சாயங்காலம் வேண்டுமென்றே அதே நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தேன். விளக்கு எரியவில்லை. ரவியிடம், "குப்பை அடைத்திருந்தது, எடுத்தாயிற்று. காரை விற்கப் போவதில்லை" என்றேன். குப்பை என்று சொன்னது இப்போது உறுத்துகிறது.

புடவை மடிப்பில் ஓர் இதழ் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. மேசைமேல் வைத்திருக்கிறேன். புழுக்கம் தாங்கவில்லை. இருந்தாலும் மின்விசிறியைப் போடவில்லை.