நடுத்துண்டு

என் கப்பல்காரருக்கு,

இப்படிக் கூப்பிட்டால் உங்களுக்குக் கோபம் வராது என்று தெரியும். நீங்கள் ஒரு கப்பலிலும் வேலை செய்ததில்லை. சுவீடனில், மல்மோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினீர்கள், பிறகு நோர்வேக்கு வந்து ஒஸ்லோவில் பள்ளிக்கூடங்கள் துடைத்தீர்கள். என்றாலும் இந்த வீட்டில் நீங்கள்தான் கப்பல்காரர். உங்கள் முதலாம் வருசத்து ஆட்டைத் திவசத்துக்கு அச்சடிக்கும் நினைவு மலரில் நானும் ஏதாவது எழுத வேண்டுமாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்ன எழுதுவது? உங்களோடு கதைப்பதைப் போலவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு புதினம், புதுச் செய்தி. உங்கள் நெக்கன் திரும்பி வந்துவிட்டதாம். டென்மார்க்காரர் அந்த சுவீடன் நீர்மூழ்கியை இரவலாக வாங்கிப் பெயரையும் மாற்றினார்களே. "வைச்ச பேரை மாத்த இவை ஆர்?" என்று நீங்கள் ரீவியைப் பார்த்து ஏசினீர்களே. இப்போது தங்களுக்கு நீர்மூழ்கியே வேண்டாமென்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். லில்லெஸ்ட்ரோமில் இருக்கும் உங்கள் கூட்டாளி சிவம் அண்ணைதான் சொன்னார். கேட்டதும் உங்களிடம் சொல்ல அறைக்கு ஓடினேன். வாசலில் நின்றபோதுதான் ஞாபகம் வந்தது.

மலரை வாசிக்கிறவர்களுக்கு நெக்கன் யாரென்று தெரியாது. சுவீடன்காரர் ஒரே மாதிரி மூன்று நீர்மூழ்கிகள் கட்டினார்கள்: நெக்கன், நெப்டூன், நாயாட். மூன்றும் தண்ணீரில் வாழும் தெய்வங்கள், பேய்களின் பெயர்கள் என்பீர்கள். மீன் மாதிரி உருண்ட உடம்பு. வாலில் பெருக்கல் அடையாளம் மாதிரி நாலு செட்டை. டீசல் எஞ்சின் ஓடுவதற்குக் காற்று வேண்டும். தண்ணீருக்குக் கீழே பற்றறியில்தான் ஓடும்; அது இறங்கினால் மேலே வந்து, தண்ணீருக்கு வெளியே குழாயை நீட்டி மூச்சு வாங்க வேண்டும். எதிரியின் கண்ணில் படுவதும் அந்த நேரத்தில்தான்.

நீங்கள் மல்மோவில் இருந்த காலத்தில் நெக்கனைத் தரைக்கு ஏற்றி, நடுவால் இரண்டாக அறுத்து, எட்டு மீற்றர் புதுத் துண்டொன்றை இடையில் வைத்து ஒட்டினார்கள். நீங்கள் வேலை செய்த சாப்பாட்டுக் கடைக்கு வந்துபோன வெல்டிங்காரர் ஒருவர் உங்களுக்குச் சொன்ன கதை. அந்தத் துண்டுக்குள் ஒரு புது எஞ்சின். அதற்கு மூச்சுக் கொடுக்கத் தாங்கியில் ஒட்சிசன். சத்தமே இல்லையாம். அதற்குப் பிறகு நெக்கன் இரண்டு கிழமை மேலே வராமல் கீழேயே இருக்குமாம்.

கலியாணம் முடித்து நான் இங்கே வந்த புதிதில் இதைச் சொன்னீர்கள். நான் கேட்டது ஞாபகமா?

"அப்ப வயிறு பெருத்து, தண்ணியிலை இறங்காமல் கனநாள் இருந்திருக்கு. முழுகாமல் இருந்ததெண்டு சொல்லுங்கோவன்."

வயிற்றில் பிள்ளை இருப்பவளை முழுகாமல் இருக்கிறாள் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. நீங்கள் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் மூக்கால் வந்தது. என்னைப் பற்றி அந்தச் சொல்லைச் சொல்ல உங்களுக்கு வாய்க்கவில்லை. ஒரு நாளும் அதை நீங்கள் குறையாகக் காட்டியதுமில்லை.

ஒஸ்லோவில் எங்கள் ட்வெய்ட்டா வீட்டு வெறண்டாவில் இரண்டு கோடையாக அந்த மரக்கப்பலைச் செதுக்கினீர்கள். ஒரு மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றர். பழைய நெக்கனை முழுதாகச் செய்து, கறுப்பு மை பூசி, காய்ந்த பிறகு மரம் அறுக்கிற வாளை எடுத்து நடுவால் அறுத்தீர்கள். நான் கத்திவிட்டேன்.

"என்னப்பா, விசரே உங்களுக்கு?"

"அவையும் உப்பிடித்தானே செய்தவை. பொறும், நடுத்துண்டு வரட்டும், பிறகு பாரும்."

நடுத்துண்டு வரவில்லை. அதற்குள் உங்களுக்கு மூச்சு இளைக்கத் தொடங்கிவிட்டது. நுரையீரல் இறுகுகிறது என்றார்கள். வீட்டுக்கு ஒட்சிசன் மெசின் வந்தது. மூக்கில் குழாயோடு இருந்துகொண்டு, "இப்ப எனக்கும் நடுத்துண்டு போட்டாச்சு, இனி மேலை வரத் தேவையில்லை" என்றீர்கள். நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசிக் கிழமை, முகமூடிக்குள்ளால் ஏதோ சொன்னீர்கள். காதைக் கிட்ட வைத்தேன். "நடுத்துண்டு" என்பது மட்டும் கேட்டது.

"மீனோ? அறக்குளா நடுத்துண்டோ?"

கண்ணை மூடித் திறந்தீர்கள். நான் அதை ஓம் என்று எடுத்தேன். ரயிலேறித் தமிழ்க் கடைக்குப் போனால், "வால்பக்கம்தான் கிடக்கு, கொண்டு போங்கோவன்" என்றார் கடைக்கார அக்கா. "அவருக்கு நடுத்துண்டுதான் வேணுமாம்" என்று நின்று, புது மீனொன்றை எடுப்பித்து அறுப்பித்தேன். குழம்பு வைத்துக்கொண்டு வரப் பின்னேரமாகிவிட்டது. தாதி முகமூடியை விலக்கிப் பிடித்தாள். இரண்டு வாய் சாப்பிட்டீர்கள். "நல்லாயிருக்கு" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் கதைக்கவில்லை.

நீங்கள் போன முப்பத்தோராம் நாள் சிவம் அண்ணை அலுமாரியிலிருந்து கப்பலின் இரண்டு துண்டையும் எடுத்தார்.

"தங்கச்சி, பசை போட்டு ஒட்டிவிடுறன். படத்துக்குப் பக்கத்திலை வைக்க வடிவாயிருக்கும்."

"வேண்டாம் அண்ணை. நடுத்துண்டு இல்லாமல் ஒட்டினால் அது பழைய கப்பல். மூச்சுக்கு மேலை வரவேணும்."

சொல்லி வாய் மூடவில்லை, ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. அன்றைக்கு நீங்கள் கேட்டது மீனில்லையோ? இந்தக் கப்பலை முடித்துவிடச் சொன்னீர்களோ? இல்லாவிட்டால் காற்றுப் போதவில்லை என்றுதான் சொன்னீர்களோ? நான் மீனுக்கு அலைந்த நேரமெல்லாம் நீங்கள் மூச்சுக்கு அலைந்தீர்களோ? ஒரு வருசமாக இது ஒன்றுதான் என்னோடு படுத்து எழும்புகிறது.

நீங்கள் பென்சிலால் கோடு போட்ட கட்டை வெறண்டாப் பெட்டிக்குள் இருந்தது. நான்தான் செதுக்கினேன். விரலில் இரண்டு இடத்தில் வெட்டு. எட்டு சென்ரிமீற்றர் சரியாக வந்தது, ஆனால் ஒரு பக்கம் கொஞ்சம் பெருத்துவிட்டது. முழுகாமல் இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள்.

திவசத்தன்று சிவம் அண்ணையைக் கொண்டு மூன்று துண்டையும் சேர்த்து ஒட்டுவிப்பேன். அடுத்த நாள் அறக்குளா நடுத்துண்டில் குழம்பு வைத்து உங்கள் படத்துக்கு முன்னால் படைப்பேன். எவ்வளவு குளிரென்றாலும் வெறண்டாக் கதவைக் கொஞ்சம் திறந்து வைப்பேன், காற்று வரட்டும். நான் இருக்கும்வரை வருசா வருசம் மீனும் காற்றும் தவறாது. கப்பலும் உங்கள் பக்கத்திலேயே இருக்கும். இது சத்தியம்.

உங்கள் பெண்சாதி,
பூமணி

அதுசரி, அன்றைக்கு இதில் எதையப்பா கேட்டனீங்கள்?