அண்ணனுக்கு வாசிக்காத நான்கு வரிகள்

5 பெப்ரவரி 1961

ஞாயிறு. விடிந்ததிலிருந்து பனி விலகவில்லை. தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டின் பின்பக்கம் அண்ணன் மறுபடி கம்பியை எடுத்துவிட்டார். தேயிலை ஆலையில், எங்கள் பேச்சில் ஸ்டோரில், கொழுந்து உருட்டும் மெஷினின் பெல்ட் அவருடைய இடது கையை இழுத்து நாலு மாதம்தான் ஆகிறது. எலும்பு கூடிவிட்டது என்கிறார் தோட்டத்து மருந்தக டிஸ்பென்சர் ஐயா. எலும்பு கூடினால் பலமும் கூடிவிடுமா?

கம்பி என்பது பழைய தண்ணீர்க் குழாய்தான். இரண்டு முனையிலும் நெய் டின்னில் வார்த்த சிமெந்துக் கட்டிகள். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட பெஞ்சில் மல்லாந்து படுத்து, அதை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுகிறார். விழுந்தால் பிடிக்கத் தலைமாட்டில் அழகன் நிற்கிறான், ஸ்டோரில் கூட வேலை செய்கிறவன்.

வலது பக்கம் முன்னே எழுகிறது. இடது பக்கம் நடுங்கிக்கொண்டே பின்னால் வருகிறது.

"என்னடா இப்படிச் சாயுது?" என்றார் அண்ணன்.

"நம்ம கோயில் தேரு கூட இம்புட்டுச் சாயாதுண்ணே. தேங்கா ஒடைச்சுட்டுத் தூக்குங்க."

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

8 பெப்ரவரி

ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயா அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம். "சித்திர வருசப் பொறப்பு கழிஞ்சதும் தேயிலப் பெட்டிய லொறியில ஏத்திக் காட்டு இராமையா. முடிஞ்சா ஸ்டோரு. முடியலேன்னா மல." மலை என்றால் பெண்களோடு கொழுந்து பறிப்பது. பதினாறு வயதிலிருந்து அண்ணனுக்கு ஸ்டோர்தான். பெட்டியின் எடை நூறு இறாத்தலுக்கு மேல்.

12 பெப்ரவரி

கம்பி விழுந்துவிட்டது. இடது கை திடீரென்று மடங்க, அழகன் பிடிப்பதற்குள் நெஞ்சில் இறங்கிவிட்டது. குறுக்கே சிவப்பாகத் தடம். ஓர் அங்குலம் மேலே என்றால் கழுத்து. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்பாவின் உயிர் போனதும் ஸ்டோரில் நடந்த விபத்தில்தான். இனி அந்தக் கம்பியைத் தொட விடமாட்டேன்.

19 பெப்ரவரி

அண்ணனோடு ஹட்டன் டவுனுக்குப் போனேன். மஃறூப் நானா தன் துணிக்கடைக்குப் பின்னால் தேகப்பயிற்சி அறை வைத்திருக்கிறார். அங்கே ஒரு மெஷின், கொழும்பில் சொல்லிச் செய்வித்ததாம். இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவே தண்டு மேலும் கீழும் வழுக்கிப் போகிறது. சாய வழியில்லை. கைவிட்டாலும் கொக்கியில் நின்றுகொள்ளும்.

"பயப்படாதீங்க டீச்சர். இது ஆளக் கொல்லாது" என்றார் நானா. எந்தக் கம்பெனியோ வெளியிட்ட இங்கிலீஷ் சஞ்சிகை ஒன்றையும் தந்தார். "கம்பி நல்லமா மெஷின் நல்லமாண்டு இதுல எழுதீக்கி. அண்ணனுக்கு வாசிச்சுக் காட்டுங்க."

20 பெப்ரவரி

வாசித்தேன். தமிழில் சொல்லச் சொல்ல அண்ணன் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டார். அவருக்கு வரும் இங்கிலீஷ் கடிதமெல்லாம் நான்தான் வாசிப்பது. மெஷினில் ஆபத்து குறைவு, துணைக்கு ஆள் வேண்டாம், அடிபட்டவர்கள் அதில் தொடங்கலாம் என்று எழுதியிருந்தது. சொன்னேன்.

அதற்குக் கீழே நான்கு வரிகள். மெஷினின் தண்டு சாயாது என்பதால் பலமுள்ள கை மற்றக் கையின் பாரத்தையும் சுமந்துவிடும். எந்தக் கை தேறவில்லை என்பதைக் கம்பிதான் காட்டும். இடையிடையே கம்பியில் சோதித்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

12 மார்ச்

மெஷினில் தொண்ணூறு இறாத்தல்! கம்பியில் ஐம்பதைத் தாண்டியதே இல்லை. ஹட்டனிலிருந்து திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் அண்ணன் பாட்டு முணுமுணுத்தார்.

ஆனால் நான் பார்த்தேன். தள்ளும்போது வலது பக்கக் கழுத்து நரம்பு புடைத்தது. இடது கை தண்டின்மேல் சும்மா கிடந்தது, விரல்கள்கூட இறுகவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுபடி கம்பியை எடுப்பார். நாள் போகப் போக இடது கையும் தேறாதா?

14 ஏப்ரல்

வருஷப் பிறப்பு. மெஷினில் நூற்றிருபது. அம்மா பால் சோறு பொங்கினாள்.

17 ஏப்ரல்

எழுத முடியவில்லை. பெட்டி விழுந்துவிட்டது.

18 ஏப்ரல்

நெஞ்சு மட்டத்துக்குத் தூக்கி, லொறித் தட்டின்மேல் தள்ளும்போது இடது மூலை இறங்கியதாம். பெட்டி கவிழ்ந்து பலகை பிளந்து தேயிலை வாசலெல்லாம் கொட்டியது. டீமேக்கர் ஐயா திட்டவில்லை. "போப்பா, நாளைக்கி மலைக்குப் போ" என்றாராம். திட்டியிருக்கலாம்.

சாயந்தரம் அழகன் வந்திருந்தான். "கம்பியிலயே தூக்கியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்ணே" என்றான்.

"புஸ்தகத்துல அப்படி ஒண்ணும் இல்லியேடா. நாகுதான வாசிச்சா."

அழகன் போனபிறகு சொன்னேன். நான்கு வரியையும் சொன்னேன். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, தன் இடது உள்ளங்கையைப் பார்த்தார்.

"ஏன் சொல்லல?"

"கம்பி கழுத்துல விழுந்துரும்னு பயந்தேண்ணே. அப்பா மாதிரி... நீங்களும் போயிருவீங்கன்னு..."

"தெரிஞ்சிருந்தா நேத்து நான் பெட்டியத் தொட்டே இருக்க மாட்டேன் நாகு. இன்னும் ரெண்டு மாசம் தவண கேட்டிருப்பேன். கேட்டா ஐயா குடுத்திருப்பாரு."

கோபமே இல்லாமல் சொன்னார். எப்படித் தாங்குவது?

4 மே

விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், பெண்கள் வரிசையின் கடைசியில் அண்ணன் நிற்கிறார், தலையில் கூடைக் கயிற்றோடு. "வாங்க பயில்வான், எங்க கூடையையும் சேத்துத் தூக்குங்க!" என்றாளாம் ராக்காயி. எல்லோரும் சிரித்தார்களாம். அம்மா மட்டும் குனிந்து இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை இறுக்கிக்கொண்டிருந்தாளாம்.

வீட்டில் அண்ணன் சாதாரணமாகத்தான் பேசுகிறார். சாப்பிட்டியா என்கிறார். பிள்ளைகள் படிக்கிறார்களா என்கிறார்.

9 ஜூன்

அண்ணனுக்கு இங்கிலீஷில் கடிதம் வந்திருக்கிறது. கை அடிபட்டது பற்றித் தொழிற்சங்கம் எழுதியதற்குப் பதிலாக இருக்கும் என்று தபால்காரர் உறையைப் பார்த்துச் சொன்னார். மத்தியானம் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தின் வழியாக வந்தார். நான் வாசலில் நின்றிருந்தேன். கைநீட்டினால் எட்டும் தூரம்.

"வெயிலா இருக்கு, உள்ள போ" என்றார்.

ஹட்டன் பஸ் வந்தது, ஏறிக்கொண்டார். மஃறூப் நானாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.