நழுவிய ஸ்டிக்கர்

அப்பா, இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். முக்கியமாக அம்மாவுக்கு. இனி நீங்கள் யாருக்கும் காட்ட முடியாது என்று தெரியும். இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியின் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். தலையெல்லாம் விளக்கெண்ணெய் வாசனை. இன்றைக்கு வரக்கூடாத வாசனை.

நாளைக் காலையில் எனக்கு ஆபரேஷன். மூளையின் ஆழத்தில் இருக்கும் கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுக்கப் போகிறார்கள். இயந்திரக் கை ஒன்று ஊசிக்கு வழிகாட்டுமாம். தலையில் இரும்புச் சட்டத்தைத் திருகி மாட்ட வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னபோது பாதிப் பயம் போய்விட்டது. அதற்குப் பதிலாக அங்கங்கே முடியை மழித்து, ஸ்டிக்கர் ஒட்டி, சுற்றிலும் மையால் வட்டம் போட்டு ஸ்கேன் எடுத்தார்கள். அந்த ஸ்டிக்கர்களை வைத்துத்தான் இயந்திரம் என் தலையை ஸ்கேன் படத்தோடு பொருத்திப் பார்க்கும். "ஒண்ணு நகர்ந்தாலும் உடனே சொல்லணும்" என்றார்.

சாயங்காலம் அம்மா, "தல கொதிக்குதுடி, ஒரு சொட்டு வெச்சா சூடு தணியும்" என்று எண்ணெய் தேய்த்துவிட்டார். காதுக்கு மேலிருந்த ஸ்டிக்கர் அவர் விரலோடு வந்துவிட்டது. மை வட்டமும் அழிந்துபோனது. அம்மா பதறிப்போய், பிளாஸ்டரைக் கிழித்து, நர்ஸ் வருவதற்குள் உத்தேசமாக ஓர் இடத்தில் அதை ஒட்டினார்.

"மிஸ்ஸிகிட்ட வாயத் தொறக்காத. மறுபடியும் தள்ளிப்போட்டுருவாங்க. உங்கப்பாவும் ஆபரேஷன் தேதிக்குக் காத்திருந்துதான போனாரு?"

எழுந்து இங்கே வந்து தாழ் போட்டுக்கொண்டேன்.

கோத்தா திங்கி வெள்ளத்தில் நீங்கள் ஓட்டிய லாரி நின்ற நாள் நினைவிருக்கிறதா அப்பா? ரோடு எதுவரை என்று தெரிய ஓரத்தில் குச்சிகள் நட்டிருந்தார்கள். ஒன்று மட்டும் சாய்ந்து தள்ளி நின்றது. பின்னாலிருந்த லாரிக்காரர், "அண்ணே, போங்க லா! பயமா?" என்று கேலி செய்தார். நீங்கள் எஞ்சினை நிறுத்திவிட்டீர்கள். எனக்கோ பசி. அழுதேன்.

"குச்சி நகந்துருச்சு பாப்பா. லாரிய ஆத்துல விட்டா, மொதலாளி லாரியத் தேடுவான், உங்கம்மா உன்னத் தேடுவா. என்ன யாரு தேடுவா, சொல்லு?"

நான் தேடுகிறேன் அப்பா.

சொன்னால் நாள் தள்ளிப்போகும், கட்டி வளருமோ என்று பயம். சொல்லாவிட்டால் ஊசி எங்கே போய் இறங்குமோ என்று பயம். எஞ்சினை நிறுத்திய உங்கள் கைதான் கண்ணில் நிற்கிறது.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

"என்னம்மா, உள்ள ஓகேவா?" மிஸ்ஸியின் குரல். கூடவே அம்மா: "ஒண்ணுமில்ல மிஸ்ஸி, அவளுக்கு வயிறு சரியில்ல."

அம்மா எதிரிலேயே சொல்ல வேண்டியதுதான். தாழை எடுக்கிறேன், அப்பா.