கை வைக்காமல் ஒரு தசரா

செப். 19, வெள்ளி

காலையிலிருந்தே தூறல். துணி எதுவும் காயவில்லை. ரியாவின் யூனிஃபார்மை இஸ்திரிப் பெட்டியாலேயே காய வைத்து அனுப்பினேன்.

வேலை செய்கிறது! ஐயோ, வேலை செய்கிறது! ஆபீசில் கத்த முடியாது, இங்கே கத்திக்கொள்கிறேன்.

சோதனைக்கு வைத்திருந்த மூன்று கிளவுட் சர்வர்களையும் நானே அழித்தேன். அப்புறம் ஒரே ஒரு கட்டளை. டீ குடித்து முடிப்பதற்குள் மூன்றும் திரும்ப எழுந்து நிற்கின்றன. புரோகிராம், பாஸ்வேர்டு, பாதுகாப்பு எல்லாம் அதனதன் இடத்தில். சர்வரில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு ஃபைலில் எழுதிவிட்டால் போதும். கருவி போய்ப் பார்த்து, இல்லாததை வைக்கும், மாறியிருந்தால் திருத்தும், சரியாக இருந்தால் தொடாது. திறந்த மூலம் வேறு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இதை விட்டுவிட்டு இத்தனை வருடம் பழைய நோட்டைப் பார்த்து ஒவ்வொரு வரியாகத் தட்டிக்கொண்டிருந்த என்னை எதால் அடிப்பது?

எங்கள் தளம் ஹோம்ஸ்டே அறை புக்கிங். தசரா வந்தால் ஊருக்குக் கூட்டம் வரும், தளம் படுக்கும், நான் ஆபீசில் உட்கார்ந்து புது சர்வர் ஏற்றுவேன். நாலு தசரா இப்படியே போயிற்று. யானை ஊர்வலத்துக்கு ரியா தன் அப்பா ஜோவோடு மட்டும்தான் போகிறாள். அவளுக்கு ஆறு வயதாகிவிட்டது.

எம்.டி. சுமா மேடத்திடம் போய் ஊர்வலம் நடக்கும் விஜயதசமிக்கு லீவு கேட்டேன். கன்னடத்தில்தான் பதில்: "உன்னால முடியும்னு தெரியும். நீ இல்லாம முடியுமா? ஹரீஷ் தனியா செஞ்சு காட்டட்டும், அடுத்த வெள்ளி, என் கண் முன்னாடி. நீ கீபோர்டைத் தொட்டா லீவு கிடையாது."

சரி என்றேன். எப்போதும்போல வாய் முந்திக்கொண்டது.

செப். 22, திங்கள்

வெயில். கேஸ் புக் பண்ண வேண்டும்.

பக்கத்து சீட் ஹரீஷ். தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிக்காரர், என் வயதுதான். காலையிலேயே முகம் வெளிறிப்போய் வந்து நின்றார்.

"ஏனுங்க ஸ்டெல்லா, ஒரு செட்டிங்க மூணு தடவ மாத்திப்போட்டேன். மறுக்கா மறுக்கா பழையபடியே ஆயிருது. பேய் கீது புடிச்சிருச்சுங்களா?"

பேய் இல்லை, என் கருவி! அரை மணிக்கொரு தடவை போய் ஃபைலில் உள்ளபடி திருத்திவிட்டு வருகிறது. அவர் மாற்ற, அது திருத்த, அவர் மாற்ற. வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் நீளமாக ஒரு லெக்சர்: மாற்ற வேண்டியதை ஃபைலில் மாற்ற வேண்டும், சர்வருக்குள் போய்த் தட்டக் கூடாது. அதோடு விட்டேனா? ஒரு மஞ்சள் சீட்டில் "சர்வரில் கை வைக்காதே" என்று எழுதி அவர் மானிட்டரில் ஒட்டினேன்.

"ரொம்பத்தான் பண்றீங்க" என்றார். சிரிக்கவில்லை.

செப். 24, புதன்

மிச்சம் உள்ளவை:
- பேக்கப். ஆயிற்று.
- எஸ்.எம்.எஸ். போகிறதா. போகிறது.
- ரியாவுக்கு ரெயின்கோட்.
- ஹ. தனியாக ஒரு ஒத்திகை. ஆயிற்று! ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லை.
- கேஸ். மறந்தே போனேன்.

மாடிப்படியில் ரியா பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம்: "நம்மம்மா ஈ சல பர்த்தாரெ!" இந்தத் தடவை அம்மாவும் வருகிறாளாம். தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். சந்தோஷமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

செப். 26, வெள்ளி

சே.

சுமா மேடம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கீபோர்டில் ஹ. நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன், பழக்கதோஷத்தில் நீண்டுவிடக் கூடாதே. அழித்தார். ஏற்றினார். திரையில் எல்லாம் பச்சை! எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

சு.மே. ஒரு அறை புக் பண்ணிப் பார்த்தார். தன் பெயரைக் கன்னடத்தில் அடித்தார். ரசீது வந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் காலிக் கட்டங்கள்.

"ஏனிது, ஸ்டெல்லா?"

புது சர்வரில் கன்னட எழுத்துருவே இல்லை. ஒத்திகையெல்லாம் நாங்கள் ஆங்கிலத்தில் அடித்தே பார்த்திருக்கிறோம்.

"திங்கட்கிழமை இன்னொரு தடவை. அதுவும் போச்சுன்னா வியாழக்கிழமை விஜயதசமிக்கும் நீ இங்கதான்."

அவர் போனதும் ஹரீஷ்மேல் பாய்ந்தேன். பழைய சர்வரில் எழுத்துருவை யாரோ கையால் போட்டிருக்கிறார்கள், அதனால்தான் ஃபைலில் இல்லை, நீங்கள்தானே? "நானில்லீங்க" என்றார். நம்பவில்லை. பழைய சர்வரின் கட்டளைப் பதிவைத் திறந்தோம். போன தசரா, ஊர்வல நாள். எழுத்துருவைப் போட்ட ஆளின் பெயர் ஸ்டெல்லா.

சுத்தமாக ஞாபகமில்லை. அன்றைக்கு இருந்த அவசரத்தில் தட்டிவிட்டு மறந்திருக்கிறேன்.

ஹ. மஞ்சள் சீட்டை மெதுவாக உரித்து என் மானிட்டரில் ஒட்டினார். மூலையை விரலால் நன்றாக அழுத்தினார். மன்னித்துவிடுங்கள் என்றேன். "உடுங்க. நாலு நாளா ஆசைங்க எனக்கு இது."

வீட்டில் ரியாவிடம் எதுவும் சொல்லவில்லை.

செப். 29, திங்கள்

இரண்டே வரி! ஃபைலில் இரண்டு வரி சேர்த்தேன், அவ்வளவுதான்.

ஹ. அழித்தார், ஏற்றினார். சு.மே. விடவில்லை. தன் பெயர், வீட்டுக்காரர் பெயர், மாமியாரின் நீளமான பெயர், எல்லாம் கன்னடத்தில். ஒவ்வொரு எழுத்தும் முத்து முத்தாக வந்தது.

"ஆய்து. ஹோகு, ஆனெ நோடு" என்றார். போ, போய் யானையைப் பார்.

கை குலுக்கப் போனவள் கட்டிப்பிடித்துவிட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பரவாயில்லை. லீவு! லீவு! லீவு!

கேஸ் வந்தது.

அக். 2, வியாழன்

காலையில் மேகம், பிறகு வெயில். பதினொரு மணிக்கே ஊர்வலம் போகும் சயாஜி ராவ் ரோட்டில் இடம் பிடித்தோம். ஜோ ஆஸ்பத்திரி ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்தார். ரியா அவர் தோளில். சுண்டல், தண்ணீர், நசுக்கல், பக்கத்து ஆளின் முழங்கை. கால் கடுக்கக் கடுக்க எனக்கு ஒரே குஷி.

பாண்டு சத்தம் நெருங்கும்போது போனைப் பார்த்தேன். ஹரீஷ், மூன்று மிஸ்டு கால். ஒரு காதைப் பொத்திக்கொண்டு கூப்பிட்டேன்.

"ஒரு சர்வர் படுத்துருச்சுங்க. புதுசு ஏத்திப்போட்டேன், ஆச்சு. சும்மா சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன். அம்பாரி வந்துருச்சுங்களா?"

எந்த சர்வர், என்ன பிழை, பேக்கப் பார்த்தீர்களா, அந்த வரியை அப்படியே படித்துக் காட்டுங்கள் என்று குனிந்துகொண்டே கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்குங்க இப்போ? எல்லாம் ஓடுது. நீங்க ஆனையப் பாருங்க போங்க!"

நிமிர்ந்தேன். கூட்டம் முழுக்க எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. மேலேயிருந்து ரியாவின் அழுகை: "அம்மா, ஆனெ ஹோய்து! போயிருச்சு! நீ பாக்கவே இல்ல!"

யானையின் வால் தெரிந்தது. அதற்கு மேலே அம்பாரியின் தங்கம் கொஞ்சம்.

நாலு வருடம் ஆபீசில் உட்கார்ந்து பார்க்கவில்லை. இந்த வருடம் பத்தடியில் நின்று பார்க்கவில்லை. எனக்கே அழுகை வந்துவிட்டது.

ஜோ கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். "அது மெதுவாத்தான் நடக்கும். வா, ஓடு!"

பின் சந்து வழியாக ஓடினோம். என் செருப்பு அறுந்தது, கையில் எடுத்துக்கொண்டேன். அடுத்த முனையில் ஒரு போலீஸ்காரம்மா கன்னடத்தில் திட்டினார், ரியாவின் முகத்தைப் பார்த்ததும் கயிற்றைத் தூக்கிவிட்டார். ரியாவை நான் வாங்கி என் தோளில் ஏற்றினேன். எவ்வளவு கனம் இந்தப் பெண்!

வந்தது. எங்களுக்கு நேர் எதிரே, முன்பக்கமாக. ரியா என் தலையை இரண்டு கையாலும் பிடித்து யானைப் பக்கம் திருப்பினாள். யானை கடந்து போகிறவரை கையை எடுக்கவே இல்லை.