மூன்றாம் மாடி வாளிகள்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு எந்நேரமும் நினைப்பு. போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பற்றிப் பேச முடியுமா?

அவள் முழங்காலுக்காகத்தான் லிஃப்ட் இருக்கிற இந்த வீட்டுக்கு வந்தோம், நீதான் தேடிப் பிடித்துக் கொடுத்தாய், வீட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது, காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. ஆனால் பழைய வீட்டுத் தோட்டத்தை விட்டு வந்ததிலிருந்து அவள் இங்கே விருந்தாளி மாதிரி இருக்கிறாள். நீ கேட்டால் எனக்கென்ன, ராணி மாதிரி இருக்கேன் என்பாள், நம்பாதே. துணிமணி பாதி இன்னும் பெட்டியில் கிடக்கிறது, பால்கனிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கிளம்பும்போது ஒரு தொட்டியாவது எடுத்துக்கோ என்று கெஞ்சினேன், வேரூன்றி நிக்கிறதை எதுக்குத் தொந்தரவு பண்ணணும் என்று எலுமிச்சை மரத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு வண்டியில் ஏறிவிட்டாள். மத்தியானம் கண் அயர்ந்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது, ஜன்னல் திரை அசைந்தால் மாதுளைக் கிளைதான் அசைகிறது என்று தோன்றும். ஒருநாள் கனவில் அந்த எலுமிச்சை மரம் கிளையெல்லாம் ஒடுக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறி வந்து, காலெல்லாம் மண்ணு, உள்ளே வரலாமா என்று வாசலில் நின்று கேட்டது. முழித்துப் பார்த்தால் பக்கத்தில் அம்மா தூங்காமல் படுத்திருக்கிறாள், இந்நேரம் பூ விட்டிருக்கும், வாசம் வருது பாருங்க என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் வந்தது.

இதற்கு நடுவில் வாளிக் கதையைக் கேள். காய் கழுவின தண்ணீர், துணி அலசின தண்ணீர் எதையும் வீணாக்காமல் செடிக்கு ஊற்றியே பழகின கை இல்லையா, இங்கேயும் பிடித்துப் பிடித்து வைக்கிறாள். ஊற்றத்தான் செடி இல்லை, கொட்டவும் மனசு வரவில்லையாம். குளியலறை பூராவும் வாளி, நான் ஒற்றைக் காலில் நின்று குளிக்கிறேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். அவள் ஒரு வாளியைச் சாய்க்கப் போனாள், பாதியில் நிறுத்திக் கீழே வைத்துவிட்டாள். என் வீறாப்பெல்லாம் அதோடு போச்சு. வாளியை நானே தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கினேன். கீழே வாட்ச்மேன் நாற்காலிக்குப் பின்னால் சுவரோரம் ஒரு செடி வாடி நின்றது, யார் வைத்தது என்று அவருக்கும் தெரியவில்லை. அதற்கே தினமும் ஊற்ற ஆரம்பித்தேன். காலமெல்லாம் பஸ் ஓட்டினவனுக்குச் செடியைப் பற்றி என்ன தெரியும், தலையில் அபிஷேகம் பண்ணுகிற மாதிரி ஊற்றியிருக்கிறேன். நேற்றுக் காலை தெருவுக்கே கேட்கிறபடி மேலேயிருந்து ஒரு அதட்டல்: "தண்டு மேல ஊத்தாதீங்க, சுத்தி ஊத்துங்க." நிமிர்ந்தால் பால்கனியில் உங்கம்மா. வாட்ச்மேன் பயந்து எழுந்தே நின்றுவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவளே இறங்கி வந்து மண்ணைக் கிளறி, இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தாள். என்ன செடி என்று கேட்டேன். பூத்தால்தான் தெரியுமாம். எப்போது பூக்கும் என்றேன்.

"அடுத்த வருஷம்கூட ஆகும். இருந்து பார்ப்போம்."

இருந்து பார்ப்போம் என்று அவள் வாயாலேயே சொன்னாள் குட்டிம்மா. வாளியை எடுக்கிற சாக்கில் நான் குனிந்துகொண்டேன். சாயங்காலம் பெட்டியிலிருந்து துணியை எடுத்து அலமாரியில் அடுக்கினாள்.

இனிமேல் போனில் சந்தோஷமா இருக்கியா என்று அவளைக் கேட்காதே, செடி எப்படி இருக்கு என்று கேள். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, லீவு எடுப்பதாக இருந்தால் செடி பூக்கிற சமயமாகப் பார்த்து எடு. நீ நினைத்ததெல்லாம் நடந்து, நிறைவாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனசார ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
இப்போது இரண்டு காலிலும் நின்று குளிக்கும்
உன் அப்பா